நூற்பாலைக்குள் ஒரு பள்ளிக்கூடம்

ஸ்காட்லாந்து நாட்டில் ஸ்டூவர்ட்டன் என்னும் சிற்றூரில், 1739ஆம் ஆண்டு ஒரு கடைக்காரரின் மகனாகப் பிறந்தவர் டேவிட் டேல். சிறுவயதில் மாடு மேய்த்தார். பின்பு பெய்ஸ்லி நகரில் நெசவு பயின்றார். கிளாஸ்கோ மாநகர் சென்று கடையில் எழுத்தராக அமர்ந்தவர், நாளடைவில் வெளிநாடுகளிலிருந்து லினன் நூலை வரவழைத்து விற்றுப் பெருஞ்செல்வரானார். 1783இல் ராயல் வங்கி அந்நகரில் கிளை திறந்தபோது அதன் முகவர் பொறுப்பு அவரிடமே வந்தது. நகர நீதிபதியாகவும் பணியாற்றினார். பஞ்சம் வந்தபோது கப்பலில் தானியம் தருவித்து, இலாபம் கருதாமல் அடக்க விலைக்கே ஏழைகளுக்கு விற்றார்.

ஆயினும் அவர் பெயர் நிலைத்தது நியூ லேனார்க் ஆலையால்தான். கிளைடு ஆற்றின் அருவிகள் சக்கரங்களைச் சுழற்ற, 1786இல் அங்கே பருத்தி நூற்பு தொடங்கியது. 1788இல் ஓர் ஆலை தீக்கிரையாயிற்று. வேலையில்லாத அந்நாட்களிலும் டேல் தொழிலாளருக்குக் கூலி கொடுத்தார். இப்படிச் செய்த முதலாளிகள் எத்தனை பேர்?

அந்த ஆலையில் உழைத்தவருள் பெரும்பாலோர் சிறுவர் சிறுமியர். எடின்பரோ, கிளாஸ்கோ நகரங்களின் அநாதை விடுதிகளிலிருந்து நூற்றுக்கணக்கானோரை டேல் அழைத்து வந்தார். நல்ல உணவு, தூய உடை தந்தார். அவர்கள் உறங்கும் அறைகளின் சுவர்களுக்கு ஆண்டுக்கு இருமுறை சுண்ணாம்பு அடிக்கச் செய்தார். ஆனால் ஒரு படுக்கையில் மூவர்! வேலை காலை 6 மணி முதல் மாலை 7 மணி வரை. இடையே உணவுக்காக ஒன்றரை மணி ஓய்வு. அதன் பின்னரே இரவு 9 மணி வரை பள்ளி. 1796இல் அங்கே 16 ஆசிரியர்கள் இருந்தனர். அக்காலத்தில் வேறு ஆலைகளில் காண அரிய ஏற்பாடு இது. எனினும் பகலெல்லாம் நூல் இழைகளுக்கிடையே நின்ற பிள்ளைக்கு இரவில் எழுத்து எப்படி மனத்தில் பதியும்? களைப்பினால் அவர்கள் கற்றது குறைவே என்று டேலின் மருமகன் ராபர்ட் ஓவன் பின்னாளில் எழுதினார்.

இன்னொரு முரணும் உண்டு. 1791இல் கிளாஸ்கோவில் அடிமை வணிகத்தை ஒழிக்க அமைந்த சங்கத்துக்கு டேல் தலைவர். அவருடைய தொழிலுக்கு வேண்டிய பருத்தியோ, மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைகள் பயிரிட்டது! அவரை நல்லவர் என்றே நான் எண்ணுகிறேன். ஆனால் அந்தப் பருத்தியை மறந்துவிட்டு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை.

ஆலையை 60,000 பவுனுக்கு ஓவனின் கூட்டாளிகளிடம் விற்ற டேல், 1806இல் காலமானார். ஓவன் அநாதைப் பிள்ளைகளை வேலைக்குச் சேர்ப்பதை நிறுத்தினார். பத்து வயதுக்குட்பட்டோரை ஆலைக்குள் விடாமல் பள்ளிக்கு அனுப்பினார். 1968 வரை அங்கே நூற்பு நடந்தது. 2001இல் யுனெஸ்கோ அவ்வூரை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.