காலையில் முதல் அடி

கோயம்புத்தூர்
ஆடி 12

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மூன்று வருடம் கழித்து நீ மறுபடி ஓட ஆரம்பித்திருக்கிறாய் என்று அக்கா போனில் சொன்னாள். கேட்டு மனசு குளிர்ந்தது. ஜனவரியில் சென்னை மாரத்தானில் முழு 42 கிலோமீட்டருக்கும் பெயர் கொடுத்திருக்கிறாய் என்று அடுத்து சொன்னாள். அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு நாற்பத்து நான்கு வயதில் இதே நிலைமை. வேலை மாற்றல், அப்பா படுக்கையில் கிடந்தது என்று நான்கு வருடம் ஓட்டமே இல்லை. திரும்ப ஆரம்பித்த முதல் இரண்டு வாரம் நாக்குத் தள்ளியது. அப்புறம் மூச்சு சீராகிவிட்டது. ஐந்தாவது வாரம் பத்து கிலோமீட்டரைப் பழைய நேரத்துக்குள்ளேயே முடித்தேன். வீட்டுக்கு வந்து உன் அத்தையிடம் நான்கு முறையாவது சொல்லியிருப்பேன். ஏழாவது வாரம் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் ஓரிடத்தில் விரல் வைத்தாலே துடித்துப் போனேன். தைலம் தேய்த்துக்கொண்டு இன்னும் பத்து நாள் ஓடினேன். எலும்பில் மயிரிழை விரிசல். மூன்று மாதம் ஓடக்கூடாது என்றார் டாக்டர். ஓடாமல் இருந்த நான்கு வருடத்தைவிட அந்த மூன்று மாதம்தான் கசந்தது.

மூச்சு சீரான பிறகும் எலும்பு ஏன் விரிசல் விட்டது என்று பிறகுதான் தேடிப் படித்தேன். 1984-ல் எட்வர்ட் காயில் என்ற அமெரிக்க உடலியல் ஆய்வாளர், நன்றாகப் பயிற்சி பெற்ற ஏழு பேரை 84 நாள் பயிற்சியை நிறுத்தச் சொல்லி அளந்து பார்த்தார். உடம்பு ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும் உச்ச அளவு மூன்று வாரத்திலேயே 7 சதவீதம் இறங்கியது. எட்டு வாரத்தில் 16 சதவீதம். உடம்பில் ஓடும் இரத்தத்தின் அளவும், ஒவ்வொரு துடிப்புக்கும் இதயம் தள்ளுகிற அளவும் குறைவதுதான் ஆரம்பச் சரிவுக்கு முக்கியக் காரணம். இந்த மூச்சுத் திறன் சீக்கிரம் போவதுபோலவே சீக்கிரம் திரும்பியும் வரும். எலும்பும் தசைநாணும் அப்படியில்லை. புதிதாகப் பாரம் விழுந்தால் எலும்பு முதலில் பழைய பகுதியைக் கரைத்துவிட்டுத்தான் புதிதாகக் கட்டும். இடையில் சில வாரம் முன்பைவிட மெலிந்தே நிற்கும். சரியாக அந்த வாரங்களில்தான் மூச்சு திரும்பிவந்து, ‘இன்னும் கொஞ்சம் வேகமாகப் போ’ என்று நம்மைக் கிளப்பிவிடும். நான் விழுந்தது அந்த இடத்தில்தான். நீ இப்போது நான்காவது வாரத்தில் இருக்கிறாய்.

ஆகவே மூச்சை வைத்துக் கணக்குப் போடாதே. காலையில் கட்டிலிலிருந்து இறங்கி வைக்கிற முதல் அடியைக் கவனி. குதிகாலோ கெண்டைக்காலுக்குக் கீழே உள்ள தடித்த நாணோ இறுகி வலித்தால் அன்று ஓட்டம் வேண்டாம், நட. ஓடுகிற நாளிலும் பக்கத்தில் வருகிறவரிடம் ஒரு முழு வாக்கியத்தைத் திணறாமல் சொல்ல முடிகிற வேகம் போதும். அது முடியாவிட்டால் நடந்து, மூச்சு அடங்கியதும் மறுபடி ஓடு. ஒருநாள் விட்டு ஒருநாள்தான். கையில் கட்டும் அந்தக் கடிகாரத்தை இரண்டு மாதம் பீரோவில் வை. பழைய நேரங்களை அது நினைவுபடுத்திக்கொண்டே இருக்கும்.

வாசல்படி விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி நின்று, குதிகாலை மெல்லக் கீழே இறக்கி ஏற்று. ஒரு தடவைக்குப் பதினைந்து, மூன்று தடவை. பார்க்க அற்பமாகத் தெரியும். ஆனால் என் கால்களைக் காப்பாற்றியதில் ஷூவைவிட இதற்குத்தான் பங்கு அதிகம்.

மெதுவாக ஓடுவது கௌரவக் குறைவு என்று உனக்குத் தோன்றும், உன்னை எனக்குத் தெரியும். பில் பவர்மன் அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் பெரிய ஓட்டப் பயிற்சியாளராக இருந்தவர். 1962 கடைசியில் நியூசிலாந்துக்குப் போனபோது அவருக்கு வயது 51. அங்கே ஆர்தர் லிடியார்டு என்ற பயிற்சியாளர், சாதாரண மனிதர்களைச் சேர்த்துக்கொண்டு மெல்லோட்டம் ஓடிக்கொண்டிருந்தார். அந்தக் கூட்டத்தோடு ஓடப்போன பவர்மன் ஒரு மேட்டில் மூச்சிரைத்துப் பின்தங்கிவிட்டார். அவருக்குத் துணையாக மெதுவாகக் கூட வந்தவர் எழுபதைக் கடந்தவர், மாரடைப்பு வந்து பிழைத்தவர். பவர்மன் வெட்கப்பட்டு ஒதுங்கிவிடவில்லை. அங்கிருந்த வாரங்கள் முழுக்க அந்த மெல்லோட்டத்தையே பழகினார். ஊர் திரும்பியதும் அக்கம்பக்கத்து மக்களுக்கும் அதைச் சொல்லிக்கொடுத்தார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

இன்னொன்று. நம் குடும்பத்தில் சர்க்கரை இருக்கிறது, தாத்தாவுக்கு இதயக் கோளாறும் இருந்தது. இந்த வாரமே டாக்டரைப் பார்த்து பிபி, சர்க்கரை, இசிஜி எடுத்துவிடு. ஓடும்போது நெஞ்சு இறுகினாலோ தலை சுற்றினாலோ அப்படியே நின்று யாரையாவது கூப்பிடு. சென்னைப் புழுக்கத்தில் வேர்வை காயாது, உடம்புச் சூடு இறங்காது. வெயில் ஏறுவதற்குள் வீடு வந்து சேர். வந்ததும் உப்புப் போட்ட மோர் குடி.

ஜனவரியில் பத்து கிலோமீட்டர் ஓடு. முழு மாரத்தானை அடுத்த வருடம் வைத்துக்கொள்ளலாம். கட்டிய பணம் போனால் போகட்டும், அதை நான் தருகிறேன்.

ஆவணி பிறந்ததும் எனக்கு ஒரு வரி எழுது. எத்தனை கிலோமீட்டர் ஓடினாய் என்பது வேண்டாம். காலையில் எழுந்து நிற்கும்போது குதிகால் எப்படி இருக்கிறது என்று மட்டும் எழுது.

அன்புடன்,
மாமா