முதலாம் தரத்துக்குப் பிள்ளையை விட்ட பெற்றோருக்கு

நெல்லியடிச் சந்தியைச் சுற்றியிருக்கிற பள்ளிக்கூடங்களில் இந்த வருடம் முதல் பிள்ளையைச் சேர்த்த தங்கச்சிமாருக்கும் தம்பிமாருக்கும், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் நெடுங்காலம் இருந்தவள் என்ற உரிமையோடு இதைச் சொல்லுறன்.

1. முதல் கூட்டத்துக்குக் கட்டாயம் போங்கோ. காசு கேட்கத்தான் கூப்பிடுகினம் என்று நினைச்சு ஒதுங்காதேங்கோ. பிள்ளை படிக்கிற பள்ளிக்கூடத்தின் சங்கத்தில் நீங்களும் உறுப்பினர்தான். தோட்டத்தில் இறைப்பு நேரத்திலோ சந்தை நேரத்திலோ கூட்டம் வைச்சால் நாலு பேராய்ச் சேர்ந்து அதிபரிட்டக் கேளுங்கோ. நேரம் மாறும்.

2. வீட்டு நிலையை வகுப்பாசிரியருக்கு மறைக்காதேங்கோ. மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். எங்கட ஆக்களுக்கு மானம் பெரிது. போரில் புருசனை இழந்தவளும், காணாமல் போனவரைத் தேடிக்கொண்டே பிள்ளை வளர்க்கிறவளும் “ஒரு குறையும் இல்லை ரீச்சர்” என்றுதான் சொல்லுவினம். பிள்ளை ஏன் மேசையில் தலைவைச்சுப் படுக்குது என்று ரீச்சருக்கு எப்படி விளங்கும்? படிப்பில் மந்தம் என்று முடிவெடுத்து விடுவா. தனியாய்ச் சந்திச்சு இரண்டு வசனம் சொல்லுங்கோ: அப்பா இல்லை, அம்மம்மாதான் பார்க்கிறா, இரவில் பயந்து எழும்புறான். அந்த இரண்டு வசனத்துக்குப் பிறகுதான் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியரிட்டயும், தேவையென்றால் பிரதேச செயலகத்தில் இருக்கிற சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிட்டயும் விசயம் போகும். போரின் காயம் தனி ஆளோடு நிற்காது, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்துத்தான் தாக்கும் என்று யாழ்ப்பாணத்தில் வேலை செய்த உளமருத்துவர் தயா சோமசுந்தரம் விரிவாய் எழுதியிருக்கிறார். அப்படியென்றால் பிள்ளையை மட்டும் கூப்பிட்டு வைச்சுக் கதைச்சுத் தீராது. நீங்களும் போய் இருக்க வேணும்.

3. கிடைக்கிற உதவியைப் பிச்சையாய் நினையாதேங்கோ. கல்வி அமைச்சராய் இருந்த கன்னங்கராவின் காலத்தில், 1945இல், இலவசக் கல்வி வந்தது. 1980இல் பாடப்புத்தகம் வந்தது. 1993இல் சீருடைத் துணி வந்தது. எல்லாப் பிள்ளைக்கும் உரியது உங்கட பிள்ளைக்கும் உரியது. கூச்சப்பட்டு விட்டுக்கொடுத்தால் இழப்புப் பிள்ளைக்குத்தான்.

4. தம்பிமார், கூட்டம் அம்மாமாரின் வேலை மட்டும் இல்லை. வெளிநாட்டில் நிற்கிறவர் தவணைக்கு ஒருக்கால் வகுப்பாசிரியரோடு போனில் கதைக்கலாம். வட்ஸ்அப் குழுவில் கும்பிடு போடுறதைப் பங்கெடுப்பு என்று நான் ஏற்கமாட்டன்.

5. வீட்டில் குடியும் அடியும் இருந்தால் பிள்ளை அதைப் புத்தகப்பையோடு சேர்த்துக் காவிக்கொண்டு போகும். ஆசிரியரிட்டச் சொல்லப் பயமென்றால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்கு எடுங்கோ. அயலவரும் எடுக்கலாம்.

6. ரியூசன் மாஸ்டரைக் கேட்கிறதுக்கு முதல் வகுப்பாசிரியரைக் கேளுங்கோ. நெல்லியடியில் ரியூட்டரிக்குக் குறைவில்லை, ஆனால் ஆறு வயதுப் பிள்ளைக்குப் பின்னேரத்தில் விளையாட்டு வேணும்.

7. பெண்கள் முன் வரிசையில் இருங்கோ. இந்தியாவில் 2009ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டம், பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராகவும், அரைவாசிப் பேர் பெண்களாகவும் இருக்க வேணும் என்று எழுதி வைச்சிருக்கு. எங்கட சங்கத்திலும் பெண்கள் அப்படி இருக்க வேணுமென்றால், தெரிவு நடக்கிற அன்று உங்கட பெயரை நீங்களே சொல்லுங்கோ.

8. மதிய உணவுக்குத் தாய்மார் முறை வைச்சுச் சமைக்கிற பள்ளிக்கூடமென்றால் உங்கட முறையைத் தவறவிடாதேங்கோ. மண்டபத்தில் வாய் திறக்காத தாய்மார் கீரை ஆயேக்கை எல்லாம் சொல்லுவினம். ஆருக்குச் சீருடை தைக்கக் காசில்லை, ஆற்ற பிள்ளை இரண்டு நாளாய் வரவில்லை என்று அங்கைதான் தெரியவரும். கேட்டதை ஊருக்குள் கதையாக்காமல் வகுப்பாசிரியரின் காதில் மட்டும் போடுங்கோ.