மாலை போட்டால் குடி நிற்குமா?

ஆண்டுதோறும் ஜூன், ஜூலை வாக்கில் ஹடப்சர்வாசிகளுக்கு ஒரு பாக்கியம் கிடைக்கிறது. ஞானேஸ்வரர் பல்லக்கு, துகாராம் பல்லக்கு இரண்டும் நம் ஊர் வழியாகத்தான் பண்டரிபுரம் போகின்றன. ஒன்று சாஸ்வட் பக்கமும் மற்றது லோணி பக்கமும் இங்கிருந்துதான் பிரிகின்றன. வார்கரிகளின் கழுத்தில் துளசி மாலை இருக்கும். அதை அணிந்தவர் மது, மாமிசம் தொடமாட்டார். நம்மவர்களுக்கும் இது புதிதல்ல. என்னுடன் பணிபுரிந்த கலாசிகள் சிலர் வருஷம் முழுதும் குடிப்பார்கள். கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போட்டதும் ஒரு மண்டலம் பாட்டிலைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள்.

இதை நினைத்துத்தான் ஒரு தாயார் என்னிடம் வந்தார். "அண்ணா, ஆம்பிளைங்க மாலை போட்டா குடியை விட்டுடறாங்களே, என் பொண்ணுக்கு ஏதாவது விரதம் சொல்லுங்க" என்றார். பெண் நல்ல வேலையில் இருக்கிறாள். தினமும் இரவில் குடிக்கிறாள். தயங்கித் தயங்கி இன்னொன்றும் சொன்னார். அவள் மனம் ஆண்களிடம் போகவில்லையாம், ஒரு பெண்ணிடம்தான் போகிறதாம். நான் உடனே, வெள்ளிக்கிழமை விரதம் இருக்கட்டும், கோயிலுக்கு அழைத்துப் போங்கள் என்று சொல்லி அனுப்பினேன். மூன்று வாரத்தில் அந்தப் பெண் கோயில் வாசலிலிருந்தே திரும்பிவிட்டாள். குடியும் கூடியது. ஆராயாமல் சொன்ன யோசனைக்கு நான்தான் பொறுப்பு. அதன்பிறகு தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் சொற்கள். ஒருவர் தம்மை ஆணாக உணர்கிறாரா, பெண்ணாக உணர்கிறாரா என்பது பாலின அடையாளம். யாரிடம் மனம் ஈர்க்கப்படுகிறது என்பது பால் ஈர்ப்பு. இரண்டும் வேறு. திருநங்கையருக்குக் கூவாகத்தில் கூத்தாண்டவர் சன்னதியில் சித்திரைதோறும் ஓர் இடம் உண்டு. பெண்ணை விரும்பும் பெண்ணுக்கு அப்படி ஒரு திருவிழா இருப்பதாக நான் அறியேன். கண்ணியமான தமிழ்ச் சொல்கூட அண்மைக் காலம்வரை புழக்கத்தில் இல்லை. 2021-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் இத்தகைய இரு பெண்களின் வழக்கை விசாரித்தார். தமக்கே இதில் புரிதல் போதவில்லை என்று சொல்லி ஒரு மனநல வல்லுநரிடம் பாடம் கேட்டார், பிறகுதான் தீர்ப்பு எழுதினார். நீதிபதியே பாடம் கேட்டார் என்றால், எனக்கென்ன வெட்கம்! சிகிச்சை என்ற பெயரில் ஈர்ப்பை மாற்ற முயல்வதை அத்தீர்ப்பு தடுத்தது. 2022-இல் தமிழக அரசு இதற்கான சொற்பட்டியலை வெளியிட்டது.

இனி விரத விஷயம். பக்தியுள்ள இளைஞர்கள் போதைப் பக்கம் குறைவாகவே போகிறார்கள் என்பது பல நாட்டு ஆய்வுகளில் கண்டது. ஆனால் 2007-இல் அமெரிக்காவில் கென்டக்கி பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வு ஒரு விசித்திரத்தைக் காட்டியது. மதப் பற்று தந்த அந்தக் காப்பு மற்ற இளைஞர்களுக்குக் கிடைத்தது, தன்பாலீர்ப்பு உள்ளவர்களுக்குக் கிடைக்கவில்லை.

ரயில்வேக்காரன் பாஷையில் சொல்கிறேன். ஒவ்வொரு பெட்டியிலும் பிரேக் உண்டு. அவற்றை இணைப்பது அடியில் ஓடும் பிரேக் பைப். நடுவில் ஒரு பெட்டியின் ஆங்கிள் காக் மூடியிருந்தால், டிரைவர் எவ்வளவு பிரேக் போட்டாலும் அதற்குப் பின்னால் உள்ள பெட்டிகளுக்கு அது போய்ச் சேராது. பிரேக்கில் பழுதில்லை, இணைப்புதான் இல்லை. 'நீ பாவி' என்று கேட்கும் இடத்தில் ஒரு பெண்ணுக்கு ஆறுதல் எப்படிப் போய்ச் சேரும்? ஒளித்து வாழும் பயமும் வீட்டாரின் ஏச்சும் சேர்ந்த அந்த நித்திய பாரமே பலரைக் குடிக்குத் தள்ளுகிறது என்பது வல்லுநர்கள் கருத்து.

அப்படியானால் ஆன்மிகம் இவர்களுக்கு உதவாதா? மார்ட்டி மான் என்ற அமெரிக்க மாதின் கதையைக் கேளுங்கள். 1904-இல் பிறந்தவர். பெண்ணையே வாழ்க்கைத் துணையாகக் கொண்டவர். குடியால் எல்லாம் இழந்து மருத்துவமனையில் கிடந்தார். 1939-இல் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' இயக்கத்தின் நூலை மருத்துவர் படிக்கக் கொடுத்தார். அதிலிருந்த கடவுள் பேச்சு முதலில் அவருக்குப் பிடிக்கவேயில்லை. ஆனால் அவ்வியக்கம் கடவுள் யார் என்று விதிப்பதில்லை. தன்னைவிடப் பெரிய ஒரு சக்தியை அவரவர் புரிந்துகொண்டபடி ஏற்றால் போதும். கூட்டத்தில் யாரும் அவரை விரட்டவில்லை. அங்கே சேர்ந்து குணமடைந்த முதல் பெண்களில் அவர் ஒருவர். 1944-இல், குடி ஒரு நோய், சிகிச்சைக்குரியது என்று நாடெங்கும் சொல்ல ஓர் அமைப்பையே தொடங்கினார். ஆனாலும் தம் துணையைப் பற்றி வெளியே சொல்ல முடியாமலேதான் 1980-இல் காலமானார்.

உடல் விஷயத்தையும் சொல்ல வேண்டும். பெண் உடலில் நீர்ச்சத்து விகிதம் குறைவு. அதனால் அதே அளவு மது பெண்ணின் ரத்தத்தில் அதிகமாக ஏறும், கல்லீரலும் சீக்கிரம் கெடும். நெடுநாள் அதிகம் குடித்தவர் விரதம் என்று சட்டென நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் நடுக்கம், வலிப்பு, பிதற்றல் வரலாம். உயிருக்கே ஆபத்து. டாக்டரைப் பார்க்காமல் வீட்டில் பூட்டி வைக்கக் கூடாது.

நம் புனேயில் அனிதா அவசட், அனில் அவசட் தம்பதியர் 1986-இல் தொடங்கிய முக்தாங்கண் மையம் இருக்கிறது. சென்னையில், குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் நிறுவிய டி.டி.கே. மருத்துவமனை இருக்கிறது. போதை மீட்புக்கு அரசின் இலவசத் தொலைபேசி எண் 14446. மன ஆறுதலுக்கு 14416, இதில் தமிழிலும் பேசலாம்.

அந்தத் தாயாரிடம் மறுபடி போய், நான் சொன்னது தப்பு என்று ஒப்புக்கொண்டேன். இரண்டு எண்களையும் காலண்டர் ஓரத்தில் குறித்துக்கொண்டார். பிறகு மெதுவாக, "அந்தப் பொண்ணையும் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடலாமாண்ணா?" என்று கேட்டார். கூப்பிடுங்கள் என்றேன்.