விளையாட்டுக் கணினிக்கு எந்தக் கேசிங்?

கணினி வாங்க முற்படும் மாணவர்கள் நுண்செயலியைப் பற்றிக் கேட்பர்; நினைவகத்தைப் பற்றிக் கேட்பர்; வரைகலை அட்டையைப் பற்றி மணிக்கணக்கில் விவாதிப்பர். ஆனால் இவை யாவும் குடியிருக்கும் வீட்டைப் பற்றி, அதாவது நம் நாட்டில் எல்லாரும் ‘கேசிங்’ என்று அழைக்கும் கணினிப் பெட்டியைப் பற்றி, கடைசியில்தான் நினைப்பு வரும். அப்பொழுது ஒன்று, பணம் தீர்ந்திருக்கும். அல்லது கண்ணாடிக்குள் மின்னும் வண்ண விளக்குகளில் மனம் மயங்கியிருக்கும். நூறு ரிங்கிட்டுக்கும் கேசிங் உண்டு. ஆயிரம் ரிங்கிட்டுக்கும் உண்டு. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு உண்மையில் என்ன என்பதை இயந்திரப் பொறியியல் பயிலும் மாணவி என்ற முறையில் இங்கே விளக்க முயல்கிறேன்.

இக்கட்டுரைக்குத் தூண்டுகோல், பட்டர்வொர்த்தில் வசிக்கும் என் பெரியம்மாவின் மகன். எஸ்.பி.எம். தேர்வு முடிந்த பின் ராஜா ஊடா சாலையில் உள்ள ஓர் உணவுக்கடையில் வேலை செய்து 3,000 ரிங்கிட் சேர்த்து வைத்திருந்தான். விளையாட்டுக்குத்தான் கணினி என்றாலும், அடுத்து பொலிடெக்னிக்கில் சேர்ந்தால் வரைபடப் பாடங்களுக்கும் அதே கணினிதான். மூன்று ஆண்டுகளுக்கு வேறொன்று வாங்க வழியில்லை. அவன் எழுதி வைத்திருந்த பட்டியலில் கேசிங்குக்கு 650 ரிங்கிட்டும், மின்வழங்கிக்கு (பவர் சப்ளைக்கு) வெறும் 100 ரிங்கிட்டும் ஒதுக்கியிருந்தான். “நீ இஞ்சினியருக்குப் படிக்கிறவ, கூடப் போம்மா. லைட்டு எரியிறதப் பாத்துட்டு எல்லாக் காசையும் கொடுத்துட்டு வந்துடுவான்” என்று பெரியம்மா என்னை அனுப்பி வைத்தார்.

முதலில் கேசிங்கின் வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம். இன்று நாம் வாங்கும் பெட்டிகள் பெரும்பாலும் ‘ஏ.டி.எக்ஸ்.’ என்னும் தர அளவைச் சார்ந்தவை. இதனை இன்டெல் நிறுவனம் 1995இல் வெளியிட்டது. 305 மில்லிமீட்டருக்கு 244 மில்லிமீட்டர் என்பது அத்தரத்தின் தாய்ப்பலகை அளவு. அதன் தம்பியான ‘மைக்ரோ ஏ.டி.எக்ஸ்.’ 244க்கு 244. அதற்கு முந்திய பழைய பெட்டிகளில் முன்பக்கப் பொத்தானுக்கே வீட்டு மின்சாரம் நேராக வந்து போகும் என்றால் இன்றைய மாணவர்கள் நம்ப மாட்டார்கள். ஏ.டி.எக்ஸ். வந்த பின் அப்பொத்தான் தாய்ப்பலகைக்குச் சமிக்ஞை தரும் சிறு விசை மட்டுமே.

இந்த 1995ஆம் ஆண்டை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. விலையுயர்ந்த கேசிங்குக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதங்களில் வலுவானது இதுவே. நுண்செயலி நான்கைந்து ஆண்டுகளில் பழையதாகிவிடும். திருகு துளைகளின் இடமோ முப்பது ஆண்டுகளாக மாறவில்லை. ஆகவே நல்ல பெட்டி ஒன்றை வாங்கினால் மூன்று கணினிகளுக்கு வரும் என்பர். வாதம் சரியே. ஆனால் பெட்டியின் முன்பக்க இணைப்புத் துளைகள் மூப்படைகின்றன. 2008இல் யு.எஸ்.பி. 3.0 வந்தது, 2014இல் டைப்-சி வந்தது. அவற்றுக்கு முன் வாங்கிய உயர்ந்த பெட்டிகளில் அவை இல்லை. வரைகலை அட்டைகளும் நீண்டுகொண்டே போகின்றன. 300 மில்லிமீட்டரைத் தாண்டிய அட்டைகள் இன்று சாதாரணம்.

தகடும் தடிமனும்

பெட்டியைத் தூக்கிப் பார்த்தால் விலையின் ஒரு பகுதி கையிலேயே தெரிந்துவிடும். மலிவானவற்றில் எஃகுத் தகடு அரை மில்லிமீட்டர் அளவில் இருக்கும், நல்லவற்றில் 0.8 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல். வேறுபாடு வெறும் 0.3 மில்லிமீட்டர்தானே என்று எண்ணக்கூடாது. தகட்டின் வளையாத தன்மை தடிமனின் மும்மடிப் பெருக்கத்தைச் சார்ந்தது. 0.8ஐ 0.5ஆல் வகுத்தால் 1.6, அதனை மூன்று முறை பெருக்கினால் 4.1. அதாவது தடித்த தகடு நான்கு மடங்கு விறைப்பானது. இதனால் என்ன பயன்? பக்கக் கதவு அதிர்ந்து முனகாது. கனமான வரைகலை அட்டையைத் தாங்கும் பின்தகடு வளையாது. பெட்டியை நகர்த்தும்போது திருகு துளைகள் கோணலாகா.

தகட்டின் விளிம்பையும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும், மெதுவாக. நல்ல பெட்டியில் விளிம்பை உட்புறம் மடித்திருப்பர். மலிவானதில் வெட்டியபடியே விட்டிருப்பர், கையைக் கீறும். கடலோரத்தில் வசிப்போருக்கு இதில் இன்னொரு செய்தியும் அடங்கியுள்ளது. இத்தகடுகளுக்குத் துருப்பிடிக்காமல் இருக்கத் துத்தநாகம் பூசியிருப்பர். தகடு வெட்டப்படும் இடத்தில் அப்பூச்சு இராது. பாகான் ஆஜாம் பக்கம் உப்புக்காற்றில் நிற்கும் வீடுகளில், துரு முதலில் எட்டிப் பார்ப்பது அந்த வெட்டு விளிம்பில்தான்.

எஃகு என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. பட்டர்வொர்த்துக்குப் பக்கத்தில் பிறையில் 1967இல் தொடங்கிய மலாயவாத்தா இரும்பு ஆலையில், ரப்பர் மரக்கரியைக் கொண்டு இரும்பை உருக்கினார்கள். நம் தாத்தா பாட்டிமார் பால் வெட்டிய மரங்கள் முதுமை அடைந்ததும் உலைக்குப் போயின. அங்கே கேசிங் தகடு செய்யவில்லை, கட்டுமானக் கம்பிதான். இருந்தாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. அக்கரையில் பாயான் லெப்பாசில் 1972இல் இன்டெல் தன் ஆலையைத் திறந்தது. ஏ.டி.எக்ஸ். தரத்தை வகுத்த அதே நிறுவனம்தான்.

இனி அலுமினியம். 2000ஆம் ஆண்டுகளில் தைவானின் லியன் லி போன்ற நிறுவனங்களின் அலுமினியப் பெட்டிகள் பெரும் மதிப்புப் பெற்றன. அலுமினியம் வெப்பத்தை நன்கு கடத்தும், ஆகவே கணினி குளிர்ச்சியாக இருக்கும் என்று கடைக்காரர்கள் இன்றும் சொல்வதுண்டு. இது பொருந்தாக் கூற்று. நுண்செயலி பெட்டியின் சுவரைத் தொட்டுக்கொண்டு இருக்கவில்லையே! வெப்பத்தை வெளியே சுமந்து செல்வது காற்று. அலுமினியம் எடை குறைவு, துருப்பிடிக்காது, பார்க்க அழகு. அவ்வளவே.

காற்றோட்டக் கணக்கு

நம் ஊரைப் பொறுத்தவரை மிக முக்கியமான பகுதி இதுவே. இங்கே சிறிது கணக்குப் போடுவோம்.

நடுத்தர விளையாட்டுக் கணினி ஒன்றில் வரைகலை அட்டை 160 வாட், நுண்செயலி 90 வாட், மற்றவை 50 வாட் என்று கொள்வோம். ஆக 300 வாட். இம்மின்சாரம் முழுவதும் இறுதியில் வெப்பமாகிப் பெட்டிக்குள் சேர்கிறது. அதனை வெளியேற்ற எவ்வளவு காற்று தேவை? வாட்டை, அனுமதிக்கும் வெப்ப உயர்வால் வகுத்து, மூன்றால் பெருக்கினால் மணிக்கு எத்தனை கன மீட்டர் என்ற விடை ஏறத்தாழக் கிடைக்கும். உள்ளே நுழையும் காற்றைவிட வெளியேறும் காற்று 10 பாகை மட்டும் கூடலாம் என்றால், 300ஐப் பத்தால் வகுத்து மூன்றால் பெருக்க, மணிக்கு 90 கன மீட்டர்.

120 மில்லிமீட்டர் விசிறி ஒன்று தடையில்லாத இடத்தில் மணிக்கு 80 முதல் 100 கன மீட்டர் வரை தள்ளக்கூடும். அப்படியானால் ஒரு விசிறியே போதுமே என்று தோன்றும். ஆனால் அதன் முன்னால் கண்ணாடியை வைத்து, பக்கத்தில் விரலளவு இடுக்கு மட்டும் விட்டால் அது பாதியைக்கூடத் தள்ளாது. வலைமுகம் கொண்ட பெட்டியில் இரண்டு விசிறிகள் எளிதாகச் செய்யும் வேலையை, கண்ணாடி முகம் கொண்ட பெட்டியில் நான்கு விசிறிகள் இரைந்துகொண்டு செய்ய வேண்டியுள்ளது.

என் அறைத்தோழியிடம் அப்படிப்பட்ட விலையுயர்ந்த கண்ணாடி முகப் பெட்டி ஒன்று உள்ளது. அறை வெப்பம் 30 பாகை இருந்த ஓர் இரவில், ஒரே விளையாட்டை அரைமணி நேரம் ஓடவிட்டு அளந்தோம். வரைகலை அட்டை 82 பாகை காட்டியது. முன்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு மீண்டும் அரைமணி நேரம், 75 பாகை. ஒரு காசு செலவில்லாமல் ஏழு பாகை! பல வரைகலை அட்டைகள் 83, 84 பாகையை நெருங்கும்போது தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும் என்பதால் இந்த ஏழு பாகை சிறிய விஷயமன்று.

வெளிநாட்டு விமர்சனங்களைப் படிப்போர் கவனிக்க வேண்டிய ஒன்று: அவர்களது சோதனை அறைகள் பெரும்பாலும் 20 முதல் 22 பாகையில் இருக்கும். குளிரூட்டி இல்லாத பட்டர்வொர்த் வீட்டில் பகல் மூன்று மணிக்கு 32 பாகை. அறை ஒரு பாகை கூடினால் உள்ளே இருக்கும் பாகங்களும் ஏறத்தாழ ஒரு பாகை கூடும். ஆகவே அவர்கள் 72 என்று எழுதியிருந்தால் நாம் 82 என்று வாசிக்க வேண்டும்.

காற்று வந்தால் தூசும் வரும். நம் வீடுகளில் வெள்ளிக்கிழமை சாம்பிராணி, ஊதுபத்திச் சாம்பல், சாலைப்புழுதி எல்லாம் உண்டு. முன்பக்கத்திலும் அடியிலும் எளிதாகக் கழற்றிக் கழுவக்கூடிய வலை வடிகட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உள்ளே இழுக்கும் விசிறிகள் வெளியே தள்ளும் விசிறிகளைவிடச் சற்று மிகுதியாக இருந்தால், இடுக்குகளின் வழியே காற்று வெளியேறுமே தவிரத் தூசு நுழையாது. 2015, 2019ஆம் ஆண்டுகளில் நாம் கண்ட புகைமூட்டத்தின் நுண்துகள்களை இவ்வலை தடுக்காது. அது பஞ்சுத் தூசுக்கு மட்டுமே.

இலவசமாக வரும் ஆபத்து

கடையில் தம்பியின் 650 ரிங்கிட் பெட்டியைப் பார்த்தோம். முழுக்கக் கண்ணாடி, பின்னால் ஒரே விசிறி. நான் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டினேன். முகம் வாடிவிட்டது. “அப்ப இத எடுத்துக்கிறேன்க்கா” என்று அடுத்த மூலையில் இருந்த 130 ரிங்கிட் பெட்டியைக் காட்டினான். அதில் ‘500 வாட்’ மின்வழங்கியும் சேர்த்தே தருகிறார்களாம்.

உண்மையில் எனக்கு அச்சம் தந்தது இந்தப் பெட்டிதான். மின்வழங்கியின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையை வாசிக்கச் சொன்னேன். பெரிய எழுத்தில் 500 வாட்; சிறிய எழுத்தில் 12 வோல்ட் வழியில் 18 ஆம்பியர். பன்னிரண்டைப் பதினெட்டால் பெருக்கினால் 216 வாட்தான். வரைகலை அட்டையும் நுண்செயலியும் உண்பது ஏறக்குறைய முழுவதும் இந்த 12 வோல்ட் வழியில். அவை மட்டுமே 250 வாட் கேட்கும் கணினிக்கு இது எப்படிப் போதும்? நல்லதாக இருந்தால் தானே அணைந்துவிடும். பாதுகாப்புச் சுற்றுகளில் சிக்கனம் செய்திருந்தால், போகும்போது தாய்ப்பலகையையும் கூட்டிக்கொண்டு போய்விடும். 2004இல் தொடங்கப்பட்ட ‘80 பிளஸ்’ சான்று முத்திரையும் அதில் இல்லை. அம்முத்திரை மின்சிக்கனத்துக்கு உரியதே தவிரப் பாதுகாப்புக்கு உரியதன்று. ஆயினும் முற்றிலும் போலியான வாட் கணக்கிலிருந்து அது ஓரளவு காக்கும்.

இதனோடு சேர்ந்ததுதான் நில இணைப்பு. கணினிப் பெட்டியைத் தொட்டால் ‘சுள்’ளென்று இருக்கிறது என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். மின்வழங்கியில் இரைச்சலை வடிகட்டும் மின்தேக்கிகளிலிருந்து சிறு கசிவு உலோகப் பெட்டிக்கு வரும். மூன்றாவது முள்ளின் வழி அது நிலத்துக்குப் போய்விட வேண்டும். பழைய வீட்டில் அந்தக் கம்பி அறுந்திருந்தால் கசிவு நம் விரலைத் தேடும். பேனாவால் மேல்துளையைக் குத்தி இரண்டு முள் செருகியை நுழைக்கும் நம்மவர் வித்தையைக் கணினியிடம் காட்டவே கூடாது. எந்த விலைக் கேசிங்கும் இதற்கு மாற்றாகாது.

விலை உயர்ந்துவிட்டால் ஆபத்து இல்லை என்றும் முடிவுகட்டிவிட முடியாது. என்.இசட்.எக்ஸ்.டி. நிறுவனத்தின் ‘எச்1’ என்ற பெட்டி ஏறத்தாழ 350 அமெரிக்க டாலருக்கு விற்கப்பட்டது. வரைகலை அட்டைக்கான இணைப்புப் பலகையைப் பிடித்திருந்த இரு திருகுகள் மின்குறுக்கை உண்டாக்கித் தீப்பிடிக்கக் கூடும் என்று கண்டறியப்பட்டு, 2021 பிப்ரவரியில் அமெரிக்காவில் அது அதிகாரப்பூர்வமாகத் திரும்பப் பெறப்பட்டது. இரண்டே திருகுகள்!

இறுதியில் நாங்கள் எடுத்தது 190 ரிங்கிட் பெட்டி ஒன்று. முகம் முழுவதும் வலை. முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என மூன்று விசிறிகள் அதனுடனேயே வந்தன. மின்வழங்கியைத் தனியே, 80 பிளஸ் முத்திரையுடன், 550 வாட்டில், 230 ரிங்கிட்டுக்கு வாங்கினோம். இரண்டும் சேர்த்து 420. அவன் பட்டியலில் இவ்விரண்டுக்கும் 750 போட்டிருந்தான். மீந்த 330 ரிங்கிட்டில் வரைகலை அட்டை ஒரு படி உயர்ந்தது. வாங்குவதற்கு முன் அட்டையின் நீளத்தையும் குளிர்விப்பானின் உயரத்தையும் அளவு நாடாவால் சரிபார்த்தோம். கோபுர வடிவக் குளிர்விப்பான்கள் 155 முதல் 165 மில்லிமீட்டர் வரை உயரம் உள்ளவை; ஒல்லியான மலிவுப் பெட்டிகளில் கதவு மூடாது.

தகடு 0.6 மில்லிமீட்டர்தான், தடித்ததன்று. கதவு லேசாக அதிர்ந்ததால் உள்விளிம்பில் மெல்லிய ரப்பர் நாடா ஒட்டினோம். அதற்கு நான்கு ரிங்கிட். விளக்கு ஒன்றுகூட இல்லையே என்று தம்பிக்கு இன்னும் குறை உண்டு. பகல் மூன்று மணிக்கு, குளிரூட்டி இல்லாமல், 74 பாகை என்று போன வாரம் படம் எடுத்து அனுப்பியிருந்தான். முன்வலையைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை கழுவுகிறானாம். பெரியம்மா சாம்பிராணித் தட்டை அவன் அறை வாசலோடு நிறுத்திக்கொள்கிறார்.