பின் லூம் நெசவு: நூல், நீர், வடிவம்

பின் லூம் என்பது கையில் பிடித்தபடியே நெய்யக்கூடிய சிறிய சட்டம். அதன் நான்கு ஓரங்களிலும் சிறு ஆணிகள் கொத்துக் கொத்தாக, இடைவெளி விட்டு நிற்கும். வழக்கமான அளவு 4 அங்குலம். அதாவது சுமார் 10 சென்டிமீட்டர் சதுரம். கூடவே 6 அங்குல நீளத்தில் ஓர் ஊசி. பெரிய தறியில் பாவு ஓடி, இழை பிணைத்து, அதன் பிறகே முதல் ஊடை விழும். இதில் நூல் உருண்டையைக் கையில் எடுத்ததுமே நெசவு தொடங்கிவிடுகிறது. கிடைக்கும் துணிக்கு நான்கு பக்கமும் கரை உண்டு. எந்த ஓரமும் பிரியாது.

இந்தச் சட்டம் பரவலானது 1930-களின் அமெரிக்காவில். 'வீவ்-இட்' என்ற பெயரில் டோனர் நிறுவனம் விற்ற சட்டம் அதிகம் அறியப்பட்டது. 'லூமெட்' அதன் சமகாலப் போட்டி. நடுவில் பல ஆண்டுகள் மறக்கப்பட்டிருந்த இந்தக் கலை, கொலராடோ மாநிலத்தைச் சேர்ந்த ஷாக்ட் நிறுவனம் 'ஜூம் லூம்' என்ற சட்டத்தைக் கொண்டுவந்த பிறகு மறுபடியும் பலர் கைக்கு வந்தது. இதைக் குழந்தைகளின் விளையாட்டுச் சாமான் என்று தள்ளுகிறவர்கள் பழைய வீவ்-இட் கையேடுகளை ஒருமுறை புரட்ட வேண்டும். சதுரங்களை இணைத்துச் செய்த கோட்டு, கவுன், படுக்கை விரிப்பு எல்லாவற்றுக்கும் அவற்றில் செய்முறை உண்டு. குரோஷே சதுரத்தோடு ஒப்பிட்டால் பின் லூம் சதுரம் மெல்லியது, தட்டையாகப் படிவது, நூலும் குறைவாகவே தின்பது. போர்வைக்கு எது ஏற்றது என்ற பழைய வாதத்தில் நெசவின் பக்கம்தான் நியாயம் அதிகம்.

நூல் நடுத்தரத் தடிமன் உள்ளதாக இருக்க வேண்டும். மெல்லிய நூல் என்றால் இரண்டு இழையாகச் சேர்த்துச் சுற்றலாம். ஒரு சதுரத்துக்குச் சுமார் 8 கஜம், அதாவது 7 மீட்டருக்குச் சற்று மேல், தேவைப்படும். அகலத்தில் 8, நீளத்தில் 10 என்று 80 சதுரங்கள் கொண்ட சிறு போர்வைக்கு 640 கஜம். சாதாரண உல்லன் நூலில் இது 300 கிராம் அளவில் முடிந்துவிடும்.

நெசவு நான்கு அடுக்குகளில் நடக்கிறது. முதல் அடுக்கு நீளவாட்டில், இரண்டாவது அதன் மேல் குறுக்காக, மூன்றாவது மறுபடியும் நீளவாட்டில் முதல் அடுக்கின் இழைகளுக்கு இடையே. இந்த மூன்றும் வெறும் சுற்றல்தான். நான்காவதற்கு வேண்டிய நூலை ஆணிகளைச் சுற்றி வெளிப்புறமாக ஐந்து சுற்றுச் சுற்றி அளந்து வெட்டி, ஊசியில் கோத்து, 16 வரிசை நெய்ய வேண்டும். இரண்டாம் அடுக்கின் இழைகள் முதல் அடுக்குக்கு மேலும் மூன்றாவதற்குக் கீழுமாக ஏற்கெனவே படிந்திருக்கின்றன. ஊசி செய்வது அதன் மறுதலை: மூன்றாம் அடுக்கின் மேலே, முதல் அடுக்கின் கீழே. ஆகவே 16 வரிசைகளிலும் ஊசி மேலேறும் இழைகள் அதே இழைகள்தாம். இதைப் புரிந்துகொண்டால் பிழை நடந்த இடம் அந்த வரிசையிலேயே கண்ணில் படும். புரியாமல் 'மேலே, கீழே' என்று எண்ணிக்கொண்டே போனால் சதுரம் முடிந்த பிறகுதான் தெரியும். நூலை விறைப்பாக இழுக்கக் கூடாது. ஊசி நுழைய மறுத்தால் சுற்றல் இறுகிவிட்டது என்று பொருள்.

இதுவரை வந்த எதையும் அரைமணி நேரத்தில் கற்றுவிடலாம். பல மாத உழைப்பைப் பாழாக்கும் தவறு ஊசியிலோ சுற்றலிலோ இல்லை. நனைக்காத சதுரங்களைத் தைத்து இணைப்பதுதான் அந்தத் தவறு.

சட்டத்தில் இருக்கும்வரை நூல் இழுபட்டு நிற்கிறது. கழற்றியதும் சற்றுத் தளர்ந்து சுருங்கும். அது இறுதி அளவு அல்ல. முதல் நனைப்பில்தான் இழைகள் உப்பி, இடைவெளிகள் அடைந்து, துணி தன் உண்மையான அளவுக்கு வருகிறது. அந்த அளவு நூலுக்கு நூல் மாறும். ஆட்டுரோமக் கம்பளியின் இழையில் நுண்ணிய செதில்கள் உண்டு. வெந்நீரும் சோப்பும் கசக்கலும் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு துணி தடித்துச் சுருங்கும், திரும்பி விரியாது. சூப்பர்வாஷ் என்று குறிக்கப்பட்ட கம்பளியில் இந்தத் தன்மை பெரிதும் நீக்கப்பட்டிருக்கும். பருத்தி நூல் முதல் துவைப்பில் இறுகும். அக்ரிலிக் ஏறக்குறைய அசையாது. நம் ஊர்க் கடைகளில் 'உல்லன் நூல்' என்று தருவது பெரும்பாலும் அக்ரிலிக்தான். உறவினர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த உருண்டை நிஜக் கம்பளியாக இருக்கலாம். இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும்.

இந்த இரண்டும் கலந்த சதுரங்களை அப்படியே இணைத்த போர்வை, தைத்து முடித்த நாளில் மிக அழகாக இருக்கும். முதல் துவைப்பில் கம்பளிச் சதுரங்கள் சுருங்க, அக்ரிலிக் சதுரங்கள் அவற்றுக்கு நடுவே புடைத்துக்கொண்டு நிற்கும். ஒரு சதுரத்தில் கால் அங்குல வித்தியாசம் என்றால் 10 சதுர வரிசையில் இரண்டரை அங்குலம். அந்த இழுப்பைத் தையல் முழுவதும் தாங்க வேண்டியிருக்கிறது. பிரித்துச் சீர்செய்யவும் வழியில்லை, ஏனெனில் தைத்த நூலும் கம்பளியாக இருந்தால் அது துணியோடு ஒட்டிப் போயிருக்கும். ஆவி இஸ்திரி போட்டால் படிந்துவிடும் என்று சொல்லப்படுகிறது. சூடு பட்ட அக்ரிலிக் உயிரிழந்து, தொய்ந்து, பளபளப்பேறிவிடும். அந்தக் கேட்டையும் மாற்ற முடியாது. ஆணிகளுக்கு நடுவே நுழையும் எந்த நூலும் சரி, மிச்சம் மீதி எல்லாவற்றையும் கலந்து நெய்யலாம் என்று சொல்லித் தருகிறவர்கள் பாதி உண்மையைத்தான் சொல்கிறார்கள். நிறம் எத்தனை வேண்டுமானாலும் கலக்கலாம். இழையின் வகையைக் கலக்கக் கூடாது. கற்றுத் தரும் முதல் நாளே சொல்ல வேண்டிய செய்தி இது. துவைக்கும் நாளில் கேட்டு என்ன பயன்?

லேபிள் தொலைந்த நூலை அறிய எளிய வழி, சிறு துண்டை இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் தீயில் காட்டுவது. கம்பளி முடி கருகும் நாற்றம் அடித்து, நொறுங்கும் சாம்பலாகும். பருத்தி காகிதம்போல எரியும். அக்ரிலிக் உருகிக் கடினமான கரிய மணியாக உறையும்.

நனைக்கும் முறையில் சிக்கல் எதுவும் இல்லை. ஒரே வாளியில் வெதுவெதுப்பான நீர், சில சொட்டு மென்மையான திரவ சோப்பு, கால் மணி நேர ஊறல். பிறகு அலசி, பிழியாமல் துண்டில் வைத்து அழுத்தி, நிழலில் தட்டையாகப் பரப்பிக் காயவிட வேண்டும். மொட்டை மாடி வெயிலில் கொடியில் தொங்கவிட்டால் சதுரம் சாய்சதுரமாகும். காய்ந்த பின் அளந்து, ஒரே அளவுள்ளவற்றைத் தனித்தனிக் கட்டாகப் பிரித்துக்கொள்வது நல்லது.

சதுரம் மட்டுமே நெய்யும் சட்டத்தில் பிற வடிவங்கள் மடிப்பாலும் சுருக்கத்தாலும் பிறக்கின்றன. மூலைவிட்டத்தில் மடித்துத் தைத்தால் முக்கோணம். நான்கு ஓரங்களிலும் ஓட்டுத்தையல் போட்டு இழுத்துச் சுருக்கி, பஞ்சு அடைத்தால் பந்து. பொம்மையின் தலையும் உடலும் இப்படித்தான். மார்கரெட் ஸ்டம்ப் என்ற அமெரிக்க நெசவாளர் பின் லூமில் நெய்த துண்டுகளைக் கொண்டு விலங்குப் பொம்மைகள் செய்ய ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். நேரடியாக முக்கோணமே நெய்யும் சட்டமும் உண்டு. அதில் ஒரே தொடர்நூல், குரோஷே ஊசியால் கொக்கி இழுக்க இழுக்க, பாவாகவும் ஊடையாகவும் ஒருசேர விழுகிறது. நெசவு இரு பக்கங்களிலிருந்தும் நடுவை நோக்கி வளரும். நீண்ட பக்கத்தின் ஆணி இடைவெளியைவிட மற்ற இரு பக்கங்களின் இடைவெளி ஏறத்தாழ 1.4 மடங்கு இருக்க வேண்டும். வீட்டில் பலகையில் ஆணி அடித்துச் செய்பவர்கள் மூன்று பக்கத்திலும் ஒரே இடைவெளி விட்டால் இழைகள் கோணலாகிவிடும்.

இணைக்கும்போது ஓரத்து வளையங்களே அளவுகோல். இரு சதுரங்களின் வளையங்களையும் ஒன்றுக்கொன்று பொருத்தி, ஒவ்வொன்றிலும் ஊசி விட்டு, நெய்த அதே நூலால் தளர்வாகத் தைக்க வேண்டும். இறுக்கித் தைத்த ஓரம் துணியைச் சுருக்கும். முதலில் நீளப் பட்டைகளாகத் தைத்து, பிறகு பட்டைகளைச் சேர்த்தால் நான்கு மூலைகளும் சந்திக்கும் இடத்தில் ஓட்டை விழாது. அதே நூலில் நெய்து அதே வாளியில் நனைத்த நான்கைந்து சதுரங்களை உபரியாக வைத்திருப்பது அவசியம். பின்னாளில் ஒன்று கிழிந்தாலோ கறைபட்டாலோ அதை மட்டும் பிரித்தெடுத்து, உபரிச் சதுரத்தை அந்த இடத்தில் வளையத்துக்கு வளையம் தைத்துவிடலாம்.