கம்பியும் மாவும்

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் வாழ்ந்த சிற்பி ரூத் அசாவா. இவர் 1947இல் மெக்சிகோவுக்குச் சென்றபோது, கம்பியை வளையம் வளையமாகக் கோத்துக் கூடை பின்னும் முறையைக் கற்றார். பின்னர் அதே முறையில் சிற்பங்கள் படைத்தார்.

ஆறு பிள்ளைகளை வளர்த்த தாய்க்குத் தனி நேரம் ஏது? வீட்டிலேயே, பிள்ளைகள் சூழ அவர் வேலை செய்தார். குழந்தை அழுதால் பின்னலைக் கீழே வைப்பார். அது உறங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்.

மாவு, உப்பு, நீர் ஆகியவற்றைப் பிசைந்து பிள்ளைகளோடு உருவங்களும் செய்தார். அந்த விளையாட்டு வீண்போகவில்லை. 1973இல் அந்நகரில் அவர் அமைத்த நீரூற்றின் உருவங்கள் முதலில் இத்தகைய மாவில்தான் செய்யப்பட்டன. பள்ளிப் பிள்ளைகளும் கைகொடுத்தனர். பின்னர் அவை வெண்கலத்தில் வார்க்கப்பட்டன. சமையலறை மாவில் பழகிய கலை, நகரின் நடுவே நிலைத்து நின்றது.