எதை விட்டுக்கொடுக்கலாம்?

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். உன் கடிதம் கிடைத்தது. சேகரக் குழுத் தேர்தலில் உன் அப்பா நின்ற அணி தோற்றது, அடுத்த வாரமே ஓய்வுநாள் பள்ளியில் உன் வகுப்பைப் பிடுங்கி வேறொருவருக்குக் கொடுத்தது, கிறிஸ்மஸ் நாடகத்தில் கீழத்தெருப் பிள்ளைகளுக்கு ஒரு மேய்ப்பன் வேஷம்கூட இல்லாமல் போனது என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டியிருக்கிறாய். பைபாஸ் பக்கம் புதிதாகத் தொடங்கியிருக்கும் ஜெபக்கூடத்துக்குப் போய்விடலாமா என்றும் கேட்கிறாய். எபேசியர் நாலாம் அதிகாரத்தை மட்டும் காட்ட வேண்டாம், எங்கள் வாயை அடைக்க எல்லாரும் அதைத்தான் எடுக்கிறார்கள் என்று ஒரு எச்சரிக்கை வேறு.

அந்த அதிகாரத்தைத்தான் காட்டப்போகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

பவுல் அதை எழுதும்போது காவலில் இருந்தார். பெற்ற அழைப்புக்குத் தகுந்தபடி நடங்கள் என்று ஆரம்பித்து, முதலில் மனத்தாழ்மையைச் சொல்கிறார். பிறகு சாந்தம், நீடிய பொறுமை, ஒருவரையொருவர் தாங்குதல். அந்தக் காலத்து ரோம உலகில் தாழ்மை அடிமையின் அடையாளம். மானமுள்ளவன் அதை விரும்ப மாட்டான். யூதனும் புறஜாதியானும் ஒரே சபையாகச் சேர்ந்த இடத்துக்கு அதைக் கட்டளையாக அனுப்பினார் என்றால், ஏழை எளியவனைப் பார்த்து வாயை மூடு என்று சொல்வதற்காக இருக்க முடியாது. நீண்ட வேத பாரம்பரியத்தைக் காட்டி மேலே உட்காரக் கூடியவனைப் பார்த்துத்தான், கொஞ்சம் இறங்கி வா என்கிறார். உங்கள் ஊரில் வசனத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பேசுகிறார்கள் என்றால் அது வசனத்தின் குற்றமில்லை.

விட்டுக்கொடுப்பது எப்படியிருக்கும் என்பதற்கு நீ ஞானஸ்நானம் பெற்ற தென்னிந்தியத் திருச்சபையின் வரலாற்றையே பார். 1919 மே மாதம் முதல் இரண்டு நாட்கள் தரங்கம்பாடியில் 33 பேர் கூடினார்கள். இருவரைத் தவிர எல்லாரும் இந்தியர்கள். ஆங்கிலிக்கன் சபையார் ஒருபக்கம். பிரெஸ்பிடேரியன், காங்கிரிகேஷனல் சபைகள் 1908-இல் சேர்ந்து உருவான தென்னிந்திய ஐக்கிய சபையார் மறுபக்கம். சீமையில் எந்த ராஜா காலத்திலோ நடந்த சண்டையை நாம் ஏன் இங்கே சுமந்துகொண்டு திரிய வேண்டும், ஒரே சபையாக இணைவோம் என்பதுதான் அவர்கள் பேச்சின் சாரம். கூட்டம் நடந்த ஊர் 1706-இல் மிஷனெரி சீகன்பால்க் வந்திறங்கிய லுத்தரன் ஊர். ஆனால் லுத்தரன் சபை கடைசிவரை இந்த இணைப்பில் சேரவில்லை என்பது ஒரு வேடிக்கை.

பேச ஆரம்பித்தது 1919-இல். இணைப்பு நடந்தது 1947 செப்டம்பர் 27, சனிக்கிழமை, சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில். நடுவில் 28 வருஷம் கமிட்டி, அறிக்கை, திருத்தம், மறு திருத்தம். நீடிய பொறுமை என்றால் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பது என்று நினைக்கிறோம். இவர்களுடைய பொறுமையோ, ஒரே விஷயத்தைப் பற்றி ஒத்துக்கொள்ளாத ஆட்களோடு திரும்பத் திரும்ப ஒரே மேஜையில் உட்கார்ந்த பொறுமை.

சண்டை எதைப் பற்றி என்று தெரிந்தால்தான் அதன் கனம் புரியும். பேராயர் கைவைத்து அபிஷேகம் பண்ணாதவர் முறையான குருவாக மாட்டார் என்பது ஆங்கிலிக்கன் கட்சியில் பலருடைய நம்பிக்கை. பேராயர் என்ற பதவியே வேண்டாம், சபை தன்னைத்தானே ஆளட்டும் என்று இங்கிலாந்தில் ஜெயிலுக்குப் போனவர்களின் வாரிசு காங்கிரிகேஷனல் சபை. திருநெல்வேலிச் சீமை ஆங்கிலிக்கன். நாகர்கோவில் லண்டன் மிஷன். மதுரை அமெரிக்கன் மிஷன். பேராயரிடம் திடப்படுத்தல் பெறாதவருக்குத் திருவிருந்து கொடுப்பது ஆங்கிலிக்கன் வழக்கமில்லை. நாகர்கோவிலில் பிறந்து வளர்ந்த ஒரு பெண் பாளையங்கோட்டைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தால், அவள் சிறுவயது முதல் படித்த வேதமும் வாங்கிய திருவிருந்தும் புருஷன் வீட்டுச் சபையில் கணக்கில் வராமல் போகலாம். தூரம் சுமார் ஐம்பது மைல்தான்.

என்ன செய்தார்கள் தெரியுமா? பேராயர் வேண்டாம் என்றிருந்தவர்கள் பேராயரை ஏற்றுக்கொண்டார்கள். பேராயர் இல்லாமல் அபிஷேகம் பெற்ற குருமாரை ஆங்கிலிக்கன் பக்கத்தார் மறு அபிஷேகம் கேட்காமல் சமமாக ஏற்றுக்கொண்டார்கள். இனி நடக்கும் அபிஷேகங்கள் எல்லாம் பேராயர் கையால். ஒரு சபையின் நெடுநாள் வழக்கத்துக்கும் மனச்சாட்சிக்கும் ஒவ்வாத குருவை அதன்மேல் திணிப்பதில்லை என்று வாக்கும் கொடுத்துக்கொண்டார்கள். ஸ்காட்லாந்து சபை அனுப்பிய பிரெஸ்பிடேரியன் மிஷனெரி லெஸ்லி நியூபிகின் அன்று மதுரை-இராமநாதபுரத்துக்குப் பேராயர் ஆனார். யாழ்ப்பாணமும் ஒரு திருமண்டலமாகச் சேர்ந்தது. அங்கே குலேந்திரன் முதல் பேராயர். எதிர்ப்பு இல்லாமல் இல்லை. கவிஞர் டி. எஸ். எலியட் இந்தத் திட்டத்தைக் கண்டித்துத் தனிப் பிரசுரமே போட்டார். நந்தியால் பக்கத்து ஆங்கிலிக்கன் சபைகள் பல வருஷம் சேராமல் தள்ளியே நின்றன. யாரும் அவர்களை இழுத்துக் கட்டிப்போடவில்லை.

இதில் நான் உனக்குக் காட்ட விரும்புவது ஒன்றே. ஒவ்வொரு கட்சியும் தன்னுடையதை விட்டது. அடுத்தவனுடைய மனச்சாட்சிக்குக் காவல் வைத்தது. என் உரிமையை நான் விடலாம். உன் உரிமையை நான் எப்படி விட முடியும்? அதை விட்டுவிட்டு அதற்குத் தாழ்மை என்று பேர் வைத்தால், பிறர் பணத்தில் காணிக்கை போட்டதற்குச் சமம்.

வேதநாயகம் சாமுவேல் அசரியாவை எடுத்துக்கொள். 1874-இல் வெள்ளாளன்விளையில் ஒரு கிராமத்துக் குருவானவருக்குப் பிறந்தவர். 1910-இல் எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாடு. முப்பத்தைந்து வயது இந்தியன் மேடையேறி, மிஷனெரிகள் இந்திய ஊழியரைக் கூலியாள் மாதிரி நடத்துகிறார்கள், உங்கள் தியாகமெல்லாம் சரி, எங்களுக்குச் சிநேகிதரைத் தாருங்கள் என்று முகத்துக்கு நேரே கேட்டார். மண்டபத்தில் பலருக்குச் சுருக்கென்றது. அது தாழ்மைக்குக் குறைவா? தனக்குப் பதவி கேட்டிருந்தால் குறைவுதான். அவர் பேசியது எல்லா ஊழியருக்காகவும். 1912-இல் அவரே முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயராகி, தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல்லில் உட்கார்ந்தார். வெள்ளைக்காரருக்கு மேல் கறுப்பரா என்று முனகினார்கள். அதற்கு அவர் பதில் சொல்லிக்கொண்டு திரியவில்லை. தெலுங்கு படித்து, மாட்டுவண்டியிலும் கால்நடையாகவும் கிராமம் கிராமமாகப் போனார். தரங்கம்பாடிக் கூட்டத்தின் முன்னோடிகளில் அவரும் ஒருவர். 1945 ஜனவரி முதல் தேதி இறந்துபோனார். இணைப்பைப் பார்க்கவில்லை.

பிரிந்து போனவர்களையும் நான் பழிக்க மாட்டேன். நாசரேத்துக்குப் பக்கத்தில் மூக்குப்பேறியில் 1857-இல் சட்டம்பிள்ளை தனிச் சபை ஆரம்பித்தார். மிஷனெரிகளோடு அவருக்கிருந்த மனத்தாங்கலுக்குக் காரணம் உண்டு. மிஷனெரி கால்டுவெல் 1849-இல் நாடார்களாகிய நம் ஜனத்தைப் பற்றி எழுதிய புத்தகத்தை இன்று படித்தாலும் வயிறு எரியும். சபை உடைந்ததற்கு உடைத்தவரை மட்டும் கேட்பது நியாயமில்லை. உடையும்வரை அலட்சியமாக இருந்தவர்களையும் கேட்க வேண்டும். உங்கள் சேகரத்தில் ஜெயித்த அணி இதைப் படித்தால் நல்லது. அவர்களுக்கு நான் கடிதம் எழுத முடியாதே.

ஆனால் கீழத்தெருப் பிள்ளைகளைத் தொடும் சாதி விஷயத்தில் மட்டும் பொறுமை பேசாதே. 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், ஆலயத்தில் சாதி வித்தியாசம் கூடாது, உட்காருவதிலும் திருவிருந்திலும் பாகுபாடு கூடாது என்று உத்தரவு அனுப்பினார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் எழுந்து வெளியே போனார்கள். சபையின் ஒற்றுமை கெட்டுவிட்டது என்று அன்றைக்கும் சொன்னார்கள். தனித்தனிப் பாயில் உட்கார்ந்த ஜனத்துக்குள் என்ன ஒற்றுமை இருந்தது, கெடுவதற்கு?

இப்போது உன் கடிதத்துக்கு வருகிறேன். நீ ஒரே மூச்சில் எழுதியதில் இரண்டு வேறு வேறு சங்கதிகள் இருக்கின்றன. வகுப்பு போனது உன் சங்கதி. அதை விடு. வலிக்கும், உன் அப்பாவுக்கு இன்னும் வலிக்கும். விடு என்றால் பாதி மனசாய் அல்ல. வருகைப் பதிவேட்டை மேஜையில் எறிந்துவிட்டு வராதே. புதிய டீச்சரைப் பார்த்து உட்கார்ந்து சொல்: இந்தப் பையனுக்குக் காது மந்தம், முன்வரிசையில் உட்கார வை, இந்தப் பிள்ளை வாய்விட்டு வாசிக்கப் பயப்படுவாள், கட்டாயப்படுத்தாதே, இந்த இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்த்தினால் அன்றைக்கு வகுப்பு நடக்காது. தேர்தலில் அவள் எந்த அணி என்று நீ கேட்காதே. அவளும் பயந்துகொண்டுதான் இருப்பாள்.

நாடகம் உன் சங்கதி இல்லை, கீழத்தெருப் பிள்ளைகளுடையது. அதை விட உனக்கு அதிகாரமில்லை. ஆனால் வாலிபர் ஐக்கியத்தின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு நாறடிக்காதே. முதலில் தனியாக, பிறகு ஒன்றிரண்டு பேரோடு, அதற்கும் கேளாவிட்டால் சபைக்கு என்று இயேசுவே வரிசை சொல்லியிருக்கிறார். முதலில் நாடகம் போடுகிறவரைத் தனியாகக் கேள். அவர் நினைக்காமலே விட்டிருக்கலாம், அப்படியும் நடக்கும். சரிவராவிட்டால் அந்தத் தெருப் பெற்றோர் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு குருவானவரைப் பார். அவர்கள் சார்பாக நீயே எல்லாம் பேசிவிடாதே, அவர்கள் பேசட்டும். அதுவும் ஆகாவிட்டால் சேகரக் குழுவுக்கு எழுத்தில் கொடு. தேதி போட்டு, நகல் வைத்துக்கொள். கூட்டத்தில் வாசித்து மினிட் புத்தகத்தில் ஏற்றச் சொல். தேர்தலைப் பற்றியோ உன் வகுப்பைப் பற்றியோ அந்தக் காகிதத்தில் ஒரு வார்த்தை இருக்கக் கூடாது. இருந்தால், தோற்றவர்கள் கிளப்பும் பிரச்சினை என்று ஒரு நிமிஷத்தில் தள்ளிவிடுவார்கள்.

புதிய ஜெபக்கூடத்தைப் பற்றிக் கேட்டாய். அங்கேயும் கர்த்தரைத்தான் தொழுகிறார்கள், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கீழத்தெருப் பிள்ளைகள் உன்னோடு அங்கே வரப்போவதில்லை. அட்வென்ட் முதல் ஞாயிறு ஒத்திகை ஆரம்பம் என்று எழுதியிருக்கிறாய்; அதற்கு முந்தின வாரமே நாடகம் போடுகிறவரைப் பார்த்துவிடு. என்ன சொன்னார் என்று எழுது. பெரியம்மா உன்னை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
பெரியப்பா